யானைகவுனி வழியாக ஒரு கதவு

யானையும் இல்லை கவுனியும் இல்லை.
"யானைகவுனி எறங்கு" என்று
கண்டக்டர் கத்தும்போது மட்டும்
அங்கே ஒரு வாசல் திறந்து
நாலைந்து பேரை வெளியே விட்டு
மூடிக்கொள்கிறது.

நாங்கள் கதவோடு வந்தோம்.
மின்ட் தெருவில் இடிக்கிற வீடு.
ஒற்றைக் கதவு, தேக்கு,
மூவாயிரத்து எழுநூறுக்குப் படிந்தது.
பித்தளைக் குமிழ்களை முன்பே
யாரோ பிடுங்கிவிட்டார்கள்.
ஒவ்வொன்றும் இருந்த இடத்தில்
பல் விழுந்த ஈறு.
மேல்சட்டத்தில் செந்தூரத்தால் இரண்டு சொல்,
எனக்குப் படிக்க வராத எழுத்து.
இருக்கட்டும்.
கதவில் யாரும் கெட்டதை எழுதுவதில்லை.

மீன்பாடி வண்டிக்காரர் பெயர் கஜபதி.
பெயரில் இருக்கிற யானை
உடம்பில் இல்லை.
கயிற்றை இறுக்கும் முன்
கதவுக்கு வலிக்கும் என்பதுபோல்
மூலைக்கு மூலை சாக்கு மடித்து வைத்தார்.
நான் கதவின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்,
கால் வைக்க வேறு இடமில்லை.

வால்டாக்ஸ் ரோடு. சிக்னல்.
இந்த இடத்தில்தான் சுவர் நின்றதாம்.
ஊரைச் சுற்றிச் சுவர் எழுப்பிய கும்பினிக்காரன்
செலவை ஊரிடமே கேட்டான்.
ஊர் தரவில்லை.
சுவர் போய்விட்டது.
தராத வரி மட்டும்
பேராகி ரோட்டில் நீளப் படுத்திருக்கிறது,
அதன்மேல் பார்சல் லாரிகள்
பின்பக்கமாக வந்துகொண்டிருக்கின்றன,
"வா வா வா ஓகே."

"ஏ மீன்பாடி, ஓரங்கட்டு."
சட்டைப் பட்டையில் வேதமுத்து என்று இருந்தது.
"என்னம்மா அது?"
"கதவு சார்."
"கதவுன்னு தெரியுது. எங்கேர்ந்து வருது?"
"உள்ளேர்ந்து" என்றேன்.
அது ஏன் வாயில் வந்ததோ.
"எங்க போவுது?"
"வெளிய சார். பட்டாளம்."

ரசீது கேட்டார்.
காலண்டர் தாளின் பின்பக்கம்
பென்சிலால் எழுதித் தந்திருந்ததை நீட்டினேன்.
திருப்பி, முன்பக்க ராசிபலனையும் படித்தார்.
பிறகு குனிந்து
விரல் முட்டியால் இரண்டு தட்டு.
"தேக்கா?"
ஆமாம் என்று சொல்லவில்லை நான்.
மூன்று பேரும்
ஒரு நொடி அப்படியே நின்றோம்,
உள்ளே இருந்து யாரோ
"வரேன் இரு" என்பார்கள்போல.

"போ, போ. மணியாவுது."

பாலம் ஏறவில்லை.
எத்தனை வருஷம் மூடிக் கிடந்து
புதிதாய்க் கட்டிய பாலம்,
ஏற்றம் பழைய ஏற்றம்தான்.
கஜபதி இறங்கி முன்னால் இழுக்க
நான் இறங்கிப் பின்னால் தள்ள
உச்சியில் நிறுத்தி மூச்சு வாங்கினோம்.
கீழே பேசின் பிரிட்ஜ் பக்கமிருந்து
ஒரு ரயில் நிதானமாக நுழைந்தது.
படியில் உட்கார்ந்திருந்த ஒரு பையன்
அண்ணாந்து பார்த்தான்.
அவனுக்கு என்ன தெரிந்திருக்கும்?
வானத்தில் ஒரு கதவின் ஓரம்.

பட்டாளத்தில் எங்கள் சந்து
வண்டி நுழையாது.
நாலு பேர் தூக்கி வந்து நிறுத்தியபோது
கதவு நிலையைவிட
நாலு விரற்கடை உயரம்.
அளந்துவிட்டுத்தான் போனேன்.
அளந்த முழம் யாருடையது என்று
வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

தகரக் கதவைக் கழற்றியாகிவிட்டது.
ராத்திரி வாசலில் புடவை ஒன்றைத் தொங்கவிட்டுப் படுத்தோம்,
தேக்குக் கதவு வெளியே
சுவரில் சாய்ந்து நின்றது.
போகிற வருகிற பிள்ளைகள்
தட்டித் தட்டி ஓடினார்கள்.
ஒவ்வொரு தட்டுக்கும் எழுந்தேன்.

காலையில் கொத்தனார் தேவசகாயம் பார்த்தார்.
"கீழ அறுத்துட்டா சரியாப்பூடும்மா."
அடிக்கட்டையைத் தடவினேன்.
எத்தனை பேர் காலால் தள்ளினதோ
வழவழவென்று பள்ளம் விழுந்திருந்தது.
"கதவ அறுக்க வேணாம்,
செவுத்த இடி" என்றேன்.
"எவ்ளோ ஆகும் வரி?"

"கூலியா?" என்றார் அவர்,
கடப்பாரையைக் கையில் எடுத்தபடி.